மஞ்சள் தாளில் வேறொரு பெயர்

என் அக்கா சுலக்ஷனாவுக்குக் கண் தெரியாது. ஆறு வயதில் வந்த காய்ச்சல் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. கண் தெரியாத பிள்ளைகளுக்கான பாடசாலையில் தங்கிப் படித்துவிட்டு அவள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. அன்றைக்கு என் வலது முழங்கையைப் பிடித்தாள். பதினேழு வருஷமாக அதுதான் அவள் பிடிக்கும் இடம். பைப்படிக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஹட்டன் டவுனுக்கு என்று எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். "பிரேமினி இல்லாட்டி அந்தப் புள்ள கதி என்னா" என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். காதில் விழாத மாதிரி நடப்பேன். விழும். நன்றாகவே விழும்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். போன வருஷம் பூண்டுலோயாவிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் அழகுமுத்து. ஆள் நல்ல மாதிரி, பேச்சும் தன்மையாக இருந்தது. தேத்தண்ணி கொடுத்த கையோடு, "அக்காவ விட்டுட்டு நான் எங்கயும் வர்றதா இல்லீங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அம்மா மூக்கைச் சிந்தி அழுதாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அந்த வாரம் முழுக்கத் தோட்டத்தில் என்னைப் பற்றித்தான் பேச்சு.

இப்படிப்பட்ட எனக்கு லோஜனைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

லோஜன் எங்கள் தோட்டத்து மேல் டிவிஷன்காரர். ஆட்டோ ஓட்டுகிறார். வயது முப்பத்து மூன்று, கொஞ்சம் தொப்பை, ஓயாத வாய். அக்காவுக்கு ஹட்டனில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் டெலிபோன் எடுக்கும் வேலை. முன்பு நானும் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். காலையில் ஒன்றாக பஸ் ஏறிப் போய் சாயந்தரம் ஒன்றாக வருவோம். கடையை மூடிவிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள், சேர்ந்துவிட்டேன். அக்காவைக் கூட்டிப்போய்க் கூட்டிவர லோஜனின் ஆட்டோவை நான்தான் பேசி வைத்தேன். ஆமாம், நானேதான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

முதல் மாதம் அவருக்கு அவள் 'அக்கா'. இரண்டாவது மாதம் 'மிஸ்'. அதற்கப்புறம் எதுவுமே இல்லை, 'இங்க பாருங்க' மட்டும்தான். கண் தெரியாதவளிடம் 'இங்க பாருங்க' என்று சொல்கிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு அவள் சிரிப்பாள். வீட்டுக்கு வந்தும் சிரிப்பாள். "இன்னிக்கி லோஜன் என்ன சொன்னாரு தெரியுமா பிரேமி" என்று தொடங்கினால் சோறு ஆறும்வரை நிற்காது. பதினேழு வருஷத்தில் நான் சொன்ன ஒன்றை அவள் யாரிடமாவது இப்படித் திருப்பிச் சொல்லியிருப்பாளா? எனக்குத் தெரிந்து இல்லை.

பங்குனி மாதம் நுவரெலியாவில் புதிதாக ஒரு பூந்தோட்டம் திறக்கப்போவதாகச் சொன்னார்கள். சித்திரை சீசனுக்குப் பூக் கண்காட்சி, பாட்டுக் கச்சேரி எல்லாம் உண்டாம். டிக்கெட் விலையைக் கேட்டவுடனே எங்கள் லயத்தில் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிட்டார்கள். ஆனால் கண் தெரியாதவர்கள், நடக்க முடியாதவர்கள் மாதிரி ஆட்களுக்கு அங்கே டிக்கெட் வேண்டாம். அவர்களோடு துணைக்கு வருகிற ஒருவருக்கும் வேண்டாம். முன்கூட்டி விண்ணப்ப ஃபோம் நிரப்பி, துணைக்கு வருகிறவர் பெயரையும் கொடுத்துவிட்டால் போதும்.

ஒருவருக்கு மட்டும். அந்த ஒருவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஊதா சுடிதாருக்கு மேலே போட ஷோல் தேடத் தொடங்கிவிட்டேன்.

ஃபோம் நிரப்ப அந்தப் பூந்தோட்டத்து மிஸ் ஒருத்தி செவ்வாய்க்கிழமை எங்கள் வாசிகசாலைக்கு வந்தாள். அன்றைக்குப் பார்த்துப் பிள்ளைக் காம்பராவில் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி. நான் நகர முடியவில்லை. லோஜன்தான் அக்காவை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் அவளுடைய கைப்பையைத் திறந்து, நிரப்பின ஃபோமின் மஞ்சள் பிரதியை எடுத்துப் பார்த்தேன். முழுக்க சிங்களம். எனக்குச் சிங்களம் பஸ் போர்ட் பார்த்துப் பழகியது, எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன், அர்த்தம் பாதிதான் புரியும். பாடசாலையிலேயே சிங்களம் தண்ணீராகப் பழகியவள் அக்கா. அவளுக்குத் தெரிகிறது எழுத்தில் இல்லை, காதில்.

அப்பா, கந்தப்பன். அம்மா, மீனம்மா. அதற்குக் கீழே 'சஹகரு' என்று ஒரு கட்டம். அதில் லோஜன் என்று எழுதியிருந்தது.

இன்னொரு தடவை எழுத்துக்கூட்டினேன். லோ-ஜ-ன். அதற்குக் கீழே 'சஹாயக' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. சகாயம் என்றால் உதவி. உதவிப்பணம் ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்டிருப்பார்கள், நமக்கு எவன் தருகிறான், அதனால் காலி. சஹகரு என்றால் சகா, கூட வருகிறவன். துணை. துணைக்கு வருகிற அந்த ஒருவர் லோஜன்.

தாளை நான்காக மடித்தேன்.

"ஃபோம் எல்லாம் சரியா குடுத்துட்டியா?" என்று கேட்டேன்.

"குடுத்தாச்சு. பிரேமி, அதப்பத்தி ஒங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும், இப்பிடி வந்து ஒக்காரு."

"ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பாத்துட்டேன்" என்று தாளை அவள் மடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவள் தட்டில் சோற்றை வைத்துவிட்டு, வைத்தேன் என்றுகூடச் சொல்லாமல் நகர்ந்துவிடுவேன். அவள் தரையில் கையை ஓட்டித் தட்டைத் தேடுவதை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் செய்தேன். "பிரேமி" என்று கூப்பிடுவாள். வாளியை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போய்விடுவேன். மழை பெய்தாலும் போவேன்.

அம்மாவிடம்தான் கொட்டினேன். அவள் கொழுந்து எடுத்துவிட்டு வந்து காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"பதினேழு வருசம் நான் கை குடுத்தேன். இன்னிக்கி ஒரு ஓசி டிக்கெட்டுன்ன ஒடனே ஆட்டோக்காரன் பேரு எழுதுறா. நான் என்னா செத்தா போயிட்டேன்?"

"அட, ஒரு பூந்தோட்டத்துக்கா இம்புட்டு? நீயும் காசு குடுத்துப் போயிட்டு வாயேன்."

"டிக்கெட்டு இல்லம்மா விசயம்! அந்த எடம் என்னோட எடம்."

அம்மா எண்ணெய்ப் போத்தலை மூடினாள். "ஆட்டோ சத்தம் கேட்டா அவ மொகத்த ஒரு நாளைக்காச்சும் பாத்திருக்கியாடி?" என்றாள்.

"எனக்கு அவ மொகத்த பாக்கத்தான் வேலையா?" என்று எரிந்து விழுந்தேன்.

வியாழக்கிழமை காலையில் அக்கா புறப்படுவதற்கு முன்பே ரோட்டுக்கு இறங்கி, ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த லோஜனிடம் நேராகப் போய் நின்றேன்.

"லோஜன் அண்ண, ஃபோம்ல ஒங்க பேருதான் இருக்காம்."

அவருடைய கறுத்த முகம் இன்னும் கறுத்துவிட்டது. துணியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அவங்க சொல்லிட்டாங்களா தங்கச்சி? நானே வந்து பேசணும்னு இருந்தேன். பயத்துல நாள் தள்ளிக்கிட்டே போயிருச்சு."

"என்னா பயம்? ஆசைப்பட்டு பேர எழுதியாச்சு, பொறகு என்னா பயம்?"

"எழுதச் சொன்னது அவங்கதாங்க. நான் பக்கத்துல இருந்தேன், எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல."

"அக்காவ பாத்துக்கறது லேசுப்பட்ட வேல இல்ல. படியில எறங்குறப்ப முன்னாடியே சொல்லணும். சும்மா கைய புடிச்சு இழுக்கக் கூடாது. அவளா ஒங்க கைய புடிக்கணும். ஒங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?"

"தெரியாததக் கேட்டுக்கிறேன் தங்கச்சி. நான் கடைசி வரைக்கும் நல்லா பாத்துப்பேன்."

கடைசி வரைக்குமாம். கச்சேரி முடிய இரவு ஏழு மணி ஆகும், அதுவரைக்கும் தாக்குப்பிடிப்பாராம். பெரிய தியாகிதான். "பாக்குறேன், பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பாவம், அவர் என் முதுகுக்கு ஒரு கும்பிடு போட்டதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் அந்த மிஸ் ஹட்டனில் ஒரு கடைக்கு மேல் மாடி அறையில் உட்கார்ந்திருப்பாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். லீவு போட்டுவிட்டு, மஞ்சள் தாளை அக்காவின் பையிலிருந்து சொல்லாமல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சிங்களத்தில் வசனம் கட்டிக்கொண்டு போனேன். என் சிங்களம் இறங்கும் இடம் சொல்லவும் விலை குறைக்கவும் போதும். சண்டைக்குப் போதாது.

மிஸ் என் வயதுக்காரிதான். தாளை மேசையில் வைத்து, லோஜன் பெயர்மேல் விரலை வைத்து, இதை வெட்டிவிட்டு என் பெயரை எழுத வேண்டும் என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மேக்க கபன்ன பே, நங்கி" என்றாள். இதை வெட்ட முடியாது, தங்கச்சி என்கிறாள்.

ஏன் முடியாது, நான் சொந்தத் தங்கச்சி, இந்த ஆள் வெறும் ஆட்டோக்காரர் என்று எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் கொட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"சஹகரு கியன்னே பந்தின கெனா."

எனக்கு விளங்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழைத் தேடி எடுத்தாள். "கல்யாணம் கட்ற ஆள். மாப்பிள்ள. நங்கி பேரு இங்க போட ஏலாது தானே?"

அவள் காலிக் கட்டத்தைக் காட்டினாள். சஹாயக. அதுதான் கூடப் போகிற துணையாளின் கட்டமாம். அங்கே யாருடைய பெயரும் இல்லை.

அதற்குப் பிறகு பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக அவள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று மிஸ் கேட்டாளாம். இன்னும் இல்லை என்றாளாம் அக்கா. அப்படியென்றால் அந்தக் கட்டத்தை விட்டுவிடலாம் என்று மிஸ் சொல்ல, "இல்ல, எழுதுங்க" என்று அக்கா லோஜன் பெயரைச் சொன்னாளாம். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னாளாம். ஒரு தடவை வாசித்தது போதாமல், இன்னொரு தடவை.

"அப்ப இது?" என்று காலிக் கட்டத்தைத் தொட்டேன்.

"அதுக்கு தங்கச்சி பேரு சொன்னது. ஆனா எழுத வேணாம் சொன்னது. தங்கச்சிக்கு வேல இருக்கி, அவகிட்ட கேக்காம போட ஏலாது, கேட்டு வந்து சொல்றேன் சொன்னது." மிஸ் பேனாவை என் பக்கம் நீட்டினாள். "நங்கிகிட்ட கேக்கல்லயா?"

கேட்பதற்கு நான் எங்கே விட்டேன்?

அந்த மாடியில் நின்றபடி நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் சண்டை போட வந்த இடம் எனக்காகவே காலியாக இருந்தது, யாரும் பறிக்கவில்லை. ஆனால் வந்தபோது இருந்த பொறாமை ஒரு சுண்டைக்காய். இப்போது வந்தது அதைப்போல நூறு மடங்கு. ஒரு நாள் பூந்தோட்டத்துக்கு நான் துணை. மிச்ச நாளுக்கெல்லாம் அவர். பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன். அழுத்தி எழுதியதில் மஞ்சள் தாள் ஓர் இடத்தில் கிழிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வேலையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே, "வந்துட்டியா பிரேமி" என்றாள்.

"எப்ப சொல்றதா இருந்த?" என்றேன். மூன்று நாளைக்குப் பிறகு நான் பேசிய முதல் பேச்சு.

"செவ்வாக்கெழமையே சொல்ல வந்தேன். நீதான் பாத்துட்டேன்னு சொல்லிட்டு போயிட்ட. தெரிஞ்சுதான் நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன்."

"பூண்டுலோயா மாப்பிள்ளைய நான் ஒனக்காகத்தான் வேணாம்னேன். தெரியுமா?"

"நான் ஒன்னக் கேட்டேனா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. டெலிபோனில் பேசுகிற குரலில்தான் கேட்டாள்.

"அன்னிக்கி நான் உள்ளுக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எல்லாருக்கும் ஒன்னப் பத்தி பெருமை. என்னைய பத்தி எல்லாருக்கும் பாவம். ஒன்னைய நல்லவள்னு ஊரு சொல்றதுக்கு நான் எத்தன நாளைக்கிடி குருடியாவே ஒக்காந்திருக்கணும்?"

"அப்பிடியெல்லாம் நான் நெனச்சதே இல்ல" என்றேன். நினைத்திருக்கிறேன். அழகுமுத்து வீட்டார் படியிறங்கிப் போன அன்றைக்கு முழுக்க அதைத்தான் நினைத்தேன்.

அவள், "கூட வருவியா மாட்டியா?" என்று கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வர்றேன்."

"அப்ப வா, சோத்தப் போடு. தட்ட எங்க வைக்கிறேன்னு சொல்லி வையி" என்றாள். அவ்வளவும் தெரிந்துதான் மூன்று நாளும் தரையில் கையை ஓட்டியிருக்கிறாள்.

சித்திரை பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் லோஜனின் ஆட்டோவில் நுவரெலியாவுக்குப் போனோம். பின் சீட்டில் நானும் அக்காவும். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், பேச்செல்லாம் முன் சீட்டுக்கு. தலவாக்கலை தாண்டும்வரை பொறுத்துக்கொண்டேன், அதற்குப் பிறகு தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

வாசலில் லோஜன் வரிசையில் நின்று தனக்கு டிக்கெட் வாங்கினார். எங்களுக்கு வரிசை இல்லை. பக்கத்துக் கேட்டில் நின்றவன், "சஹாயக கவுத?" என்று, துணையாள் யார் என்று கேட்டான். இப்போது எனக்கு அந்தச் சொல் தெரியும். கையை நீட்டினேன். பச்சைப் பட்டி ஒன்றைக் கட்டிவிட்டு, உதவியாள் எந்த நேரமும் அவரோடு கூடவே இருக்க வேண்டும், தனியாகச் சுற்றக் கூடாது என்று சொன்னான். உள்ளே போனதும் லோஜன் வந்து அக்காவின் இடது பக்கம் நின்றார். முழங்கையை அவள் கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி, நான் சொல்லிக்கொடுத்தபடியே, நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். என் வலது கை சும்மா தொங்கியது. அதற்கு என்ன வேலை கொடுப்பதென்று தெரியாமல், சாப்பாட்டுப் பையை அந்தக் கையில் வாங்கிக்கொண்டேன்.

ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். டிக்கெட் வாங்கியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். ஓசியில் வந்த நான் விட்டு விலகக் கூடாது என்பதால் மூன்றடி பின்னால் போனேன்.

பெரிய பாத்தி ஒன்றின் முன்னால் நின்றார்கள். அக்கா குனிந்து ஒரு பூங்கொத்தை இரண்டு கையாலும் பொத்திப் பார்த்தாள். ஆறு வயதுவரை பார்த்த நிறங்கள் அவளுக்கு இன்னும் ஞாபகம். யாராவது நிறத்தை மாற்றிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது, துணிக்கடையில் எத்தனை தடவை என்னைக் கேட்டு உறுதி செய்துகொண்டிருக்கிறாள்.

"இது என்னா கலருங்க?" என்று கேட்டாள்.

லோஜன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ரோஸ்" என்றார்.

அது ரோஸ் இல்லை. ஊதா. நான் போட்டிருந்த சுடிதாரின் அச்சு அசல் ஊதா. மூன்றடியை ஒரே எட்டில் கடந்து அவள் காதருகே போனேன்.

"இல்லக்கா. ஊதா."

என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது. லோஜன் பிடரியைச் சொறிந்துகொண்டார். "அப்பிடித்தான் போல. நமக்கு இந்த கலரெல்லாம் சரியா சொல்லத் தெரியாதுங்க" என்றார்.

அக்கா பூவிலிருந்து கையை எடுக்கவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை.

"பரவால்ல" என்றாள் அவரிடம். "எனக்கு ரோஸாவே இருக்கட்டும்."

பிறகு அவர் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு நடந்தாள். நான் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனேன்.